ரேடியேட்டர் மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது?

நான் முதலில் வாங்கியது ஒரு பழைய கார். மேட்டில் கொஞ்ச தூரம் ஏறினாலே டேஷ்போர்டில் வெப்பநிலை முள்ளும் கூடவே ஏறும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். பானெட்டைத் திறந்து கால் மணி நேரம் குடைந்த மெக்கானிக், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோகச் சாமானைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதுதான் சார் தண்ணியை மறிச்சிட்டு இருந்துச்சு. எடுத்தாச்சு. இனிமே வண்டி கூலா ஓடும்" என்றார்.

சொன்னபடியே ஓடியது. சமதளத்தில் முள் கால் பங்கைத் தாண்டவே இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், வண்டி முன்பைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திருகி எடுத்தால், அதன் அடியில் வெள்ளையாகக் களிம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது.

அவர் கழற்றியது தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கேற்பத் திரவத்தின் பாதையைத் திறந்து மூடும் வால்வு. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அவர் நினைத்தார். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். கூலிங் சிஸ்டம் என்ற பெயரே நம்மை அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் அதன் வேலை, இன்ஜினை ஒரு குறிப்பிட்ட சூட்டில் பிடித்து வைப்பது. பெரும்பாலான கார்களில் அது 90 டிகிரி செல்சியஸையொட்டி இருக்கும். அதற்கு மேலே போனாலும் கெடுதல், ரொம்பக் கீழே நின்றாலும் கெடுதல்.

இவ்வளவு சூடு எதற்கு?

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனாலும் பிஸ்டன் உருகுவதில்லை. அந்த உச்ச வெப்பம் கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை, அடுத்த நொடிக்குள் புதுக் காற்று உள்ளே வந்துவிடுகிறது. அதோடு, உலோகச் சுவருக்குப் பின்னால் ஒரு திரவம் ஓடிக்கொண்டே வெப்பத்தை எடுத்துப் போகிறது. அந்த ஓட்டம் நின்றால் முதலில் கெடுவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம். அது கருகினால் உலோகத்தோடு உலோகம் உரசும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். "இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலென்சர் வழியாகப் புகையோடு வெளியேறுகிறது. மிச்சமுள்ள பங்கில் பெரும்பகுதியை, உலோகச் சுவருக்குப் பின்னால் ஓடும் அந்தத் திரவம், அதாவது கூலண்ட்தான் சுமக்க வேண்டும். அதாவது வண்டியை ஓட்டச் செலவாகும் அளவு ஆற்றலை, கிட்டத்தட்ட அதே அளவில், வெறும் சூடாக வெளியே தள்ளும் வேலை, கூலண்டைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு.

சரி, சூடு குறைந்தால் என்ன? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி நீராவியாகச் சைலென்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஆறிக் கிடந்தால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலக்கும். என் மூடியின் அடியில் இருந்த வெள்ளைக் களிம்பு அதுதான். போதாக்குறைக்கு, இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து அதன் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருந்தது.

திரவம் போகும் பாதை

பாதை எளிமையானது. வாட்டர் பம்ப் கூலண்டைத் தள்ளுகிறது. இன்ஜின் பிளாக்குக்குள் சிலிண்டர்களைச் சுற்றி வார்க்கும்போதே விடப்பட்ட குடைவுகள் வழியாக அது ஓடி, மேலே சிலிண்டர் ஹெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து தெர்மோஸ்டாட்டுக்கு. தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் ஒரு குறுக்குவழியில் நேராகப் பம்புக்கே திரும்பும். திறந்திருந்தால் ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்கு வரும். நடுவில் ஒரு சின்னக் கிளை காருக்குள் இருக்கும் ஹீட்டருக்குப் போகிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திரும்பி வரும் பக்கம் இருக்கும், வேலை ஒன்றுதான்.

இந்தத் தெர்மோஸ்டாட்டை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் கிடையாது, ஒயர் கிடையாது. நடுவில் ஒரு சிறிய குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகும்போது அதன் பருமன் கூடும். அந்த விரிவு ஒரு சிறு தண்டை அழுத்தி, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இவ்வளவுதான். எந்தச் சூட்டில் உருக வேண்டும் என்பதற்கேற்ப மெழுகுக் கலவையைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணைத் தகட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்: 82, 88 என்று.

என்னிடம் கழற்றிக் கொடுத்ததை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். 80 வரைக்கும் அசையவே இல்லை. 82 தாண்டியதும் வால்வின் விளிம்பில் தலைமுடி அளவு இடைவெளி விழுந்தது. 90ஐத் தாண்டியபோது சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. அடுப்பை அணைத்ததும் வந்த வழியே மெதுவாக மூடிக்கொண்டது. எந்தக் குறையும் இல்லாத சாமான் அது. அப்படியென்றால் வண்டி சூடானதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரேடியேட்டரும் காற்றும்

ஆரம்பகாலக் கார்களில் ரேடியேட்டர் என்று ஒன்று கிடையாது. 1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். அதோடு சூடும் போகும். தீர்ந்தால் மறுபடி ஊற்ற வேண்டியதுதான். 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வகை வண்டியை ஓட்டிப் போனபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். இந்தத் தொல்லைக்கு நல்ல தீர்வு சொன்னவர் வில்ஹெல்ம் மேபாக். 1900இல் அவர் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரின் தேன்கூடு ரேடியேட்டரில் 8,070 குட்டிக் குழாய்கள் இருந்தன. காற்று படும் பரப்பு பெருகியதால் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

இன்றைய ரேடியேட்டரும் அந்த யோசனையின் வாரிசுதான். தட்டையான அலுமினியக் குழாய்கள், அவற்றுக்கு நடுவே மடித்து மடித்து வைத்த மெல்லிய தகடுகள். குழாய்க்குள் கூலண்ட், தகடுகளுக்கு நடுவே காற்று. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான் ஃபேன் வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி நோயை நாமே கண்டுபிடிக்கலாம். நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல்: மோட்டார், ஃபியூஸ், ரிலே, சென்சார் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஓடுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம். மாறாக நெரிசலில் ஒன்றும் ஆகாமல், மேடு ஏறும்போதும் அதிக வேகத்திலும் மட்டும் சூடானால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலண்ட் போதிய அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கிளம்பி ஐந்தாறு நிமிடத்திலேயே முள் விறுவிறுவென்று ஏறினால், தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம் அல்லது கூலண்ட் குறைந்திருக்கலாம். எவ்வளவு ஓட்டினாலும் முள் ஏறவே இல்லையென்றால் திறந்த நிலையில் சிக்கிவிட்டது.

காற்றால் குளிரும் பைக்குகளில் இந்தக் குழாய், பம்ப் எதுவும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகள்தான் ரேடியேட்டர். அதில் சேறு அப்பாமல் பார்த்துக்கொள்வதும், நின்ற இடத்தில் நெடுநேரம் இன்ஜினை ஓடவிடாமல் இருப்பதும், ஆயில் அளவைக் கவனிப்பதும் போதும்.

மூடி வெறும் மூடி இல்லை

ஆளுக்காள் அலட்சியப்படுத்தும் பாகம் எது என்று கேட்டால் ரேடியேட்டர் மூடியைத்தான் சொல்வேன். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலையை அது செய்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வெளிக்காற்றைவிட ஒரு பார் (கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) கூடுதல் அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பெரும்பாலான கார் மூடிகள் இதையொட்டிய அழுத்தத்தில்தான் திறக்கும்படி ஸ்பிரிங் வைத்துச் செய்யப்படுகின்றன. கூலண்ட் ஏன் கொதிக்கக் கூடாது? ஆவிக்குமிழ்கள் உலோகத்தை மூடிக்கொண்டால் அந்த இடத்தில் திரவம் படாது. சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஏறும்.

மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று, அழுத்தம் அளவு மீறினால் கூலண்டைப் பக்கத்திலிருக்கும் ரிசர்வ் டேங்குக்கு விடும். இன்னொன்று, இன்ஜின் ஆறிச் சுருங்கும்போது அதே கூலண்டை உள்ளே இழுக்க வழிவிடும். முதல் வால்வின் ரப்பர் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, நல்ல வண்டிகூடக் கொதிக்கும். இரண்டாவது அடைத்தால், காலையில் பானெட்டைத் திறக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப் போய் நிற்கும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. டேங்கே அழுத்தத்தில் இருக்கும், வால்வுகளும் அதன் மூடியில்தான்.

சூடான இன்ஜினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். உள்ளே 110 டிகிரியில் கொதிக்காமல் அமைதியாக இருக்கும் கூலண்ட், மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நொடியே கொதிக்க ஆரம்பிக்கும். ஒரு பங்கு ஆவியாக வெடித்து, மிச்சத்தை முகத்தில் அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தாலும் கையும் முகமும் வெந்துபோகும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, அழுத்தினால் அமுங்குவதாக இருந்தால்தான் மூடிப்பக்கம் கை போக வேண்டும்.

கூலண்ட் என்றால் என்ன?

தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி, கூடவே துருவைத் தடுக்கும் ரசாயனங்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கிளைக்காலால் முடியாது. அது உறைநிலையைக் கீழே தள்ளுகிறது, கொதிநிலையைக் கொஞ்சம் மேலே தூக்குகிறது. பாதிக்குப் பாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நிறைய ஊற்றினால் நிறைய நல்லது என்று சுத்தமான கிளைக்காலையே ஊற்றுவோர் உண்டு. அது மைனஸ் 13 டிகிரியையொட்டியே உறைந்துவிடும், சூட்டைக் கடத்துவதிலும் மோசம். உறைபனி பக்கமே எட்டிப் பார்க்காத இடத்தில் வண்டி ஓட்டினாலும், துருவைத் தடுக்கும் அந்த ரசாயனங்களுக்காகவே கூலண்ட் வேண்டும்.

அந்த ரசாயனங்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகும். பழைய வகைக் கூலண்டுக்கு ஆயுள் சுமார் இரண்டு வருடம். கரிம அமிலங்களைக் கொண்ட புதுவகைக்கு ஐந்து வருடம் வரை. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பவர் கலக்கும் சாயம். எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. வண்டியின் கையேடு சொல்லும் வகையைப் பார்த்து வாங்குங்கள். ஒத்துவராத இரண்டு வகைகளைக் கலந்தால் துருத் தடுப்பு பலவீனமாகும், சில நேரம் கசண்டும் சேரும். அடர் கூலண்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. ஏற்கெனவே கலந்து வருவதை வாங்கினால் அந்தக் கவலையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கிப் பார்க்கும். குழந்தைகளும் வாயில் வைக்கலாம். தரையில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வடித்ததை மூடிய கேனில் வையுங்கள்.

என் வண்டிக்கு வருவோம். முன்பு வைத்திருந்தவர் பல வருடம் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். வேறொரு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட குழாய்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரை. கடினநீரைக் காய்ச்சும் கெட்டிலின் அடியில் படிவதேதான். சமதளத்தில் மிச்சக் குழாய்கள் சமாளித்தன, மேட்டில் முடியவில்லை. தெர்மோஸ்டாட்டை எடுத்ததால் நோய் மறைந்ததே தவிரப் போகவில்லை. புது ரேடியேட்டர் போட்டு, தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் வைத்த பிறகு முள் நடுவில் போய் நின்றது.

நாமே பார்க்கக்கூடியவை

மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், ரிசர்வ் டேங்கில் கூலண்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல சிஸ்டத்தில் கூலண்ட் அநேகமாகக் குறையவே கூடாது. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டுவது வைத்தியம் ஆகாது.

ஒழுகும் இடத்தைத் தேட வெறும் கண் போதும். கூலண்ட் காய்ந்த இடத்தில் அதன் நிறத்தில் பொருக்கு படிந்திருக்கும். ஹோஸ் கிளாம்புகள், பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரோடு சேரும் விளிம்பு, அப்புறம் வாட்டர் பம்பின் அடிப்பக்கம். பம்பில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் போனால் அந்தத் துளை வழியாகத்தான் முதலில் சொட்டும். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால், பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஹோஸை ஆறிய பிறகு விரலால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலும், அமுக்கும்போது நொறுநொறுவென்று சத்தம் வந்தாலும், கிளாம்ப் பக்கத்தில் புடைத்திருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹோஸ் பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் கெடும். வெளியே பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ரேடியேட்டர் தகடுகளில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால், இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கார் கழுவும் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

கூலண்ட் மாற்றிய பிறகு உள்ளே காற்று சிக்கிக்கொள்வது சகஜம். அறிகுறி: ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வரும், முள் ஏறி இறங்கித் தடுமாறும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் கையேட்டில் சொன்னபடி திறந்து விட வேண்டும். இல்லாவிட்டால், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிடுவார்கள். குமிழ் வருவது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். கூலண்ட் பொங்கும், முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

வழியில் முள் ஏறினால்

முதலில் முள்ளைப் பற்றி ஒன்று. பல புதிய கார்களில் கூலண்ட் வெப்பநிலை ஒரு பெரிய இடைவெளிக்குள் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். ஆகவே அது நடுவைத் தாண்டி நகர ஆரம்பித்தாலே விஷயம் முற்றிவிட்டது. இன்னொன்று: கூலண்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது, இன்ஜின் வேகும்போது முள் கீழே இறங்குவதும் உண்டு. திடீரென்று முள் இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது.

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், அதன் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். வியர்த்துக் கொட்டும், ஆனால் அது இறக்கும் சில டிகிரிகள் ஓரம்கட்டும் வரை தாங்கும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதில்தான் பெரும்பாலான இன்ஜின்கள் சாகின்றன. அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், ஹோஸ் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும்.

கேஸ்கெட் போனதற்கு அடையாளங்கள்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வரும் இனிப்பு வாசனையுள்ள வெண்புகை, ஒழுகல் எதுவும் தெரியாமலேயே குறையும் கூலண்ட், ஸ்டார்ட் செய்ததுமே டேங்கில் வரும் குமிழ்கள், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்தாற்போல் ஆயில். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் களிம்பு இருந்தால் பதற வேண்டாம். அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியிலும் அது வரும்.

பானெட்டிலிருந்து ஆவி வந்தால் அடங்கும் வரை திறக்காதீர்கள். இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான உலோகம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் வெடிப்பு விழும். குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஹோஸ் அமுங்குகிறதா என்று பார்த்து, பிறகே மூடியை மெதுவாகத் திருகுங்கள். கையில் கூலண்ட் இல்லையென்றால் குடிக்கும் தண்ணீரே போதும். ஊற்றியதும் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். ஊற்ற ஊற்றக் கீழே கொட்டினால் இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். ஒழுகல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டாலும் உள்ளே இருப்பது இப்போது நீர்த்துப்போன கூலண்ட். காரணத்தைச் சரிசெய்யும்போதே அதையும் வடித்து, சரியான விகிதத்தில் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள்.